கையில் கொடுத்த வாக்கத்தி

ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறும்போது எங்கள் ஊர் ஆண்கள் கட்டும் மூட்டையைப் பார்த்தால், காய் பறிக்கப் போகிறார்களா, யாரையாவது வெட்டப் போகிறார்களா என்று சந்தேகம் வரும். அரிசி குறைந்தாலும் பரவாயில்லை, இரும்பு குறையக் கூடாது. முள்ளை ஒதுக்க அரிவாள், விறகு பிளக்கக் கைக்கோடாலி, இடுப்பில் ஒரு சூரிக்கத்தி. நான் ஒரு சட்டி கூடுதலாக எடுத்து வைத்தால் மட்டும் என் வீட்டுக்காரர், இதையெல்லாம் யார் சுமப்பது என்று முகத்தைச் சுளிப்பார். கைக்கோடாலி என்ன தானாகவா நடந்து வந்தது?

இத்தனை இரும்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. கத்தியையோ அரிவாளையோ கையிலிருந்து கையில் வாங்கமாட்டார்கள். கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை மாறினால் இருவருக்கும் சண்டை வந்துவிடுமாம். எங்கள் காமயகவுண்டன்பட்டியில் இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். என் தம்பிக்கும் தெரியும். ஆனால் சந்தோஷம் வந்துவிட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நல்ல இரும்பு கண்ணில் படுவதே அபூர்வம். குமுளிப் பக்கம் போன தம்பிக்கு எப்படியோ ஒரு வாக்கத்தி கிடைத்துவிட்டது. மலையாளத்துக்காரர்கள் காட்டுவேலைக்கு வைத்திருப்பார்களே, முனை வளைந்த கனத்த கத்தி, அதுதான். ஆடி விருந்துக்கு வந்தவன், சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, "மச்சான், இது ஒங்களுக்கு" என்று என் வீட்டுக்காரர் கையிலேயே அதைத் திணித்துவிட்டான். இவரும் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் உறைத்தது. நெருப்பைத் தொட்டவர் மாதிரி கீழே போட்டுவிட்டு, என்னோடு சண்டை மூட்டத்தான் வந்தாயா என்று கேட்டார். ஆசையாய்க் கொண்டுவந்தது ஒரு குற்றமா என்று அவன் திருப்பிக் கேட்டான். பேச்சு தடித்தது. தம்பி கத்தியை எடுத்துக்கொண்டு, போட்ட இலையில் கை வைக்காமல் போய்விட்டான்.

சண்டை வரக்கூடாது என்று ஏற்பட்ட வழக்கம். அதை வைத்தே சண்டை போட்டுக்கொண்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு. வருகிற தை மாதம் என் மகளுக்குக் காதுகுத்து வைப்பதாக இருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். என் வீட்டுக்காரரோ, உன் பெரியப்பா மகன் யாரையாவது உட்கார வைத்தால் போச்சு என்று சாதாரணமாகச் சொன்னார். தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என் மகள் இன்னொருத்தன் மடியில் உட்காருவதா? அன்றைக்கு அரைத்த மசாலாவில் பாதி என் கண்ணீர்தான்.

ஐப்பசியில் மலைக்குப் போனோம். தோட்டம் எங்களுக்கும் தம்பிக்கும் பொது, தங்கும் குடிசையும் ஒன்றே. கோபத்துக்காகக் காய் காத்திருக்காதே! அடுப்புப் பக்கத்தில் இருந்துகொண்டே, உன் தம்பியை விறகு எடுக்கச் சொல் என்பார் இவர். எடுத்தாகிவிட்டது என்று சொல்லக்கா என்பான் அவன். நடுவில் நான் ஒரு தபால்காரி. கத்தி விஷயத்தில் மட்டும் இருவருக்கும் வசதி. ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே வைப்பார், மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுப்பார்.

ஒரு நாள் பிற்பகலில் வானம் கறுத்துக் காற்று எடுத்தது. குடிசைக்கு மேலே ஒரு பட்ட கிளை நீட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி அது முறிந்தால் நேரே எங்கள் தலையில்தான். என் வீட்டுக்காரர் கைக்கோடாலியோடு ஏறி, கிளையில் கயிற்றைக் கட்டி, ஒரு கையால் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார். கோடாலியின் காம்பு ஆடுகிறது, தண்ணீரில் ஊறப் போடுங்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். யார் கேட்டார்கள்? கிளை பாதி வெட்டுப்பட்டபோது கோடாலி கழன்று பறந்து பள்ளத்துப் புதருக்குள் விழுந்தது. காம்பு மட்டும் அவர் கையில்.

அரிவாள் தோட்டத்தின் அடுத்த கோடியில் கிடந்தது. கீழே தம்பி கையில் இருந்தது அந்த வாக்கத்தி. அவன் மரத்தடிக்கு ஓடிவந்து கையை உயர்த்தினான், இவர் குனிந்து கையை நீட்டினார். அப்படியே இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். கீழே வைத்து எடுக்க மரத்தில் தரை ஏது? தம்பி அடிமரத்தில் கொத்தி வைத்துப் பார்த்தான். கயிற்றை விடாமல் இவரால் அதை எட்ட முடியவில்லை. பாதி வெட்டிய கிளை காற்றில் முனகியது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றிருந்தேன். நான் வாங்கிக் கொடுத்திருக்கலாம்; புருஷன் பெண்டாட்டி சண்டை எங்களுக்குப் புதிதா? அசையவில்லை.

"நீங்க பேசி மாசக்கணக்காச்சு. இனிமே வர்றதுக்கு என்ன சண்டை பாக்கி இருக்கு? கையிலயே குடுலே," என்றேன்.

மரத்தின் மேலிருந்து இவர்தான் முதலில் சிரித்தார். தம்பி கத்தியைப் பிடுங்கி, பிடியை அவர் பக்கம் திருப்பி, எக்கி நீட்டினான். "பாத்து மச்சான், நல்லாக் கூர் வச்சிருக்கேன்," என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கயிற்று முனையை இவர் அவனிடம் போட்டார். நாலு வெட்டுதான். தம்பி இழுத்த இழுப்பில் கிளை குடிசையை விட்டு விலகி விழுந்தது. இறங்கி வந்தவர் நேரே தம்பியிடம் போய், வாக்கத்தியை அவன் காலடியில் வைத்தார்.

வேலை முடிந்ததும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறாரே! தம்பியின் முகமும் செத்துப்போயிற்று.

"எடு மாப்ள," என்றார்.

எடுத்தான்.

"இப்பக் கீழ வச்சு, மொறையாக் குடு."

அவன் வைத்தான். இவர் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "தையில ஒன் மடி வேணும்ல. மறுபடி சண்டை வந்துறக் கூடாது," என்றார்.

மழை கொட்ட ஆரம்பித்தது. என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு குடிசைக்குள் முதலில் ஓடியவன் என் தம்பிதான்.