சொட்டுவதற்கென்றே ஒரு ஓட்டை

இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. இதை டைப் செய்கிற விரல் பாதி எழுத்துகளைத் தப்பாக அடிக்கிறது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? என் மனைவி செல்வியும் அப்படித்தான் சொல்கிறாள். ஆனால் அவளே இன்னும் தெருவில் ஒரு பிக்கப் வேன் போனால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.

போன வாரம் எங்கள் மகள் யாழினிக்குக் காது குத்து. வத்தல்மலை மேல் இருக்கிற குலதெய்வம் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் – உங்களுக்குத் தெரியாததா? தாய்மாமன் என்றால் செல்வியின் அண்ணன் மாதப்பன். இண்டூரில் தக்காளியும் சாமந்தியும் போடுகிறவர். விளைந்ததை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வைத்திருக்கிறார்.

மடியும் என்னுது, சீரும் என்னுது, அப்போ வண்டியும் என்னுதுதான் என்று ஒரே பிடிவாதம்.

"என் மருமவளை பஸ்ஸுல கூட்டிட்டுப் போறதுக்கா மாப்ள நான் வண்டி வச்சிருக்கேன்? சும்மா இருங்க நீங்க."

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. தெரியும். இதே பத்திரிகைப் பத்தியில் நானே அதைப் பற்றி மூச்சுப் பிடித்து எழுதியிருக்கிறேன். அப்புறம் ஏன் ஏறினாய் என்று கேட்பீர்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் பட்டுப்புடவையும் வேட்டியுமாக ஏறி நின்றுகொண்டு, "என்னாங்க, வர்றீங்களா இல்லீங்களா?" என்று கேட்கும்போது சட்டமா பேச முடியும்? ஏறிவிட்டேன். முன்னால் மச்சான் ஓட்ட, பக்கத்தில் செல்வியும் குழந்தையும். பின்னால் நாங்கள், பொங்கல் பானை, அரிசி மூட்டை, காது குத்துகிற ஆசாரி, அவருடைய சின்னப் பெட்டி.

அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கிளம்பியபோது வண்டி நன்றாகத்தான் ஓடியது. தருமபுரி தாண்டியதும் முன்னாலிருந்து ஒரு சத்தம். கீச்... கீச்... கொஞ்ச தூரம் போனதும் அது கரகரவென்று மாறியது. மாவு மெஷினில் கல் விழுந்த மாதிரி.

மச்சான் என்ன செய்தார் தெரியுமா? வண்டியை நிறுத்தினாரா? இறங்கிப் பார்த்தாரா?

பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

சத்தியமாக! பின்னால் நின்ற எங்களுக்கே காது அடைத்தது. முன்னால் செல்வி எட்டி பிளேயரை அணைத்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் கத்தியது எங்கள் வரைக்கும் கேட்டது.

"பாட்டு வேணாம். எனக்கு அந்தச் சத்தம் கேக்கணும். வண்டியை நிறுத்துண்ணா!"

"பெல்ட்டு சத்தம் புள்ள. ஓட ஓட செரியாப் போவும். பத்தரைக்கு மேல நல்ல நேரம் கெடையாது, தெரியுமில்ல?"

"நிறுத்துறியா, இல்ல கொழந்தையோட நான் எறங்கட்டுமா?"

ஓடுகிற வண்டியில் கதவுப் பிடியில் கையை வைத்துவிட்டாள். மச்சான் முணுமுணுத்துக்கொண்டே ஓரம் கட்டினார். நல்ல வேளையாக அங்கேயே ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு மெக்கானிக். அன்வர் பாய். கொட்டகைக்குப் பின்னாலேயே அவர் வீடு. பெரிய குரல், பெரிய தொப்பை. நான் பார்க்காத இன்ஜினா என்கிற தோரணை.

பானெட்டைத் தூக்கிய வேகத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"பெல்ட்டு லூசுங்க. டைட் வச்சா ஓடிடும். டீ குடிக்கிற நேரந்தான்."

மச்சான் எங்களை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... நான் சொல்லலை? என்கிற பார்வை. செல்விக்கு முகம் சுண்டிப்போனது. பாவம், நானே மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டைட் வைப்பதற்கு முன்னால் பாய் பெல்ட்டைத் தளர்த்தினார். பழக்க தோஷத்தில் விசிறி இறக்கையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். அது விழப்போகிற பால் பல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது. பாய் கையைப் பட்டென்று இழுத்துக்கொண்டார்.

"யா அல்லா..."

அப்புறம் திரும்பிக் கத்தினார்: "அல்லாரும் எறங்குங்க! மொதல்ல வண்டியை விட்டு எறங்குங்க!"

இன்ஜின் ஆஃபில் இருக்கிறது. நின்ற வண்டி நம்மை என்ன செய்துவிடும்? ஆனாலும் அவர் கத்திய கத்தலில் பட்டுப்புடவைகள் எல்லாம் குதித்தே இறங்கின.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். இன்ஜின் சூடாகாமல் இருக்க உள்ளே தண்ணீரைச் சுற்ற விடுகிற உறுப்புதான் வாட்டர் பம்ப். அந்த வண்டியில் ரேடியேட்டர் விசிறியும் அந்தப் பம்பின் தண்டில்தான் மாட்டியிருக்கிறது. தண்டு ஆடினால் விசிறியும் ஆடும். தண்டு உடைந்தால்? அந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

இன்ஜின் ஆறுகிற வரைக்கும் காத்திருந்து, தண்ணீரை வடித்து, விசிறியைக் கழற்றி, போல்ட்டுகளைத் தளர்த்திப் பம்பை வெளியே எடுத்தார் பாய். வெயிலில் காட்டித் திருப்பினார். அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ உருண்டை, கல் மாதிரி ஒட்டியிருந்தது.

"இது என்னாதுங்க?"

"அதுங்களா பாய்..." மச்சான் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்! "அங்க ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சு. பொங்கலுக்கு முன்னாடி தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் பசை வச்சு அடைச்சேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு? ம்ஹூம்!"

பாய் பக்கத்தில் கிடந்த டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வெடித்தார்.

"அடப்பாவி மனுசா! அது சொட்டறதுக்குன்னே வச்ச ஓட்டைங்க!"

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொட்டுவதற்கென்று ஓட்டையா? கம்பெனிக்காரனே வைப்பானா?

வைக்கிறானாம். பம்புக்குள் தண்ணீர் ஒரு பக்கம், பேரிங் ஒரு பக்கம். நடுவில் தண்ணீரைத் தடுக்க ஒரு சீல். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். சொட்டுகிறதா, பம்பை மாற்று என்று அர்த்தம். அதற்காகவே வைத்த ஓட்டை. மச்சான் அதை அடைத்தார். வெளியே போக வழியில்லாத தண்ணீர் பேரிங்கில் இறங்கிவிட்டது. கிரீஸ் கரைந்து, துருப் பிடித்து, குண்டுகள் எல்லாம் பொடிப் பொடி. பாய் தண்டைத் திருப்பியதும் அவர் உள்ளங்கையில் செம்மண் மாதிரி கொட்டியது.

மச்சானை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் தண்ணீர் சொட்டினால் யாருக்கும் பொறுக்காது. ஊரெல்லாம் போர்வெல் போட்டு, தண்ணீருக்குப் பதில் மண்புகைதான் வந்தது என்று அழுத ஜனங்கள். சொட்டு நீர்க் குழாயில் எலி கடித்த ஓட்டையை அடைப்பதிலேயே மச்சானுக்குப் பாதி நாள் போய்விடும். பிசைந்து வைத்தால் கல்லாகிற அந்தப் பசையை வண்டி டேஷ்போர்டிலேயே வைத்திருப்பார். பொங்கலன்று வண்டிக்கு அடியில் காய்ந்த தரையைக் காட்டினார். நாங்கள் எல்லோரும் சபாஷ் போட்டோம். வேறு எந்த ஊர்க்காரனாவது மெக்கானிக்கிடம் போயிருப்பான். நாங்கள் அடைப்போம்.

செல்வி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பாய், இந்தத் தண்டு மலை மேல ஏறும்போது ஒடைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

பாய் குரலைத் தாழ்த்தினார்.

"விசிறி பிச்சுக்கிட்டுப் போயி ரேடியேட்டரைக் கிழிக்கும்மா. இன்ஜின் நின்னுரும். இன்ஜின் நின்னா ஸ்டியரிங்கு திரும்பாது, பிரேக்கு கல்லாட்டம் ஆயிடும். வளைவுல, பின்னாடி இத்தனை பேரை வச்சுக்கிட்டு..." நிறுத்திக்கொண்டார். "வேணாம்மா. நெனைக்காதீங்க."

மச்சான் பம்பையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. ரோட்டின் கடைசியில் தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய பம்பைப் பையில் போட்டுக்கொண்டு, பாயின் பைக்கில் தருமபுரிக்குப் பறந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பம்பைத் திருப்பிப் பார்த்தார். அதிர்ச்சியாவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்!

"அடைச்சுட்டாருங்களா? அடிக்கடி வருதுங்க இது. போன மாசம் ஒருத்தர் ஸ்க்ரூவே முடுக்கிக் கொண்டாந்தாரு."

அடிக்கடியா? அப்படியென்றால் நம் ரோடுகளில் எதிரே வருகிற எத்தனை வண்டிகள் இப்படி வாயடைத்து ஓடிக்கொண்டிருக்கின்றன? திரும்பி வருகிற வழியெல்லாம் ஒவ்வொரு பிக்கப்பாகப் பார்த்துப் பயந்தேன்.

பம்பை விடுங்கள். சீட் பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்துகிறது என்று பெல்ட் மாட்டுகிற ஓட்டையில் வெறும் கிளிப்பைச் செருகி வைக்கிறோமே, அது என்ன? ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியாகச் சுற்றுகிறோமே? நெஞ்சு எரிகிறது என்றால் உடனே ஒரு மாத்திரை, அதோடு சரி. சத்தம் நின்றால் கோளாறு நின்றது என்று எப்படித்தான் நம்புகிறோமோ, எனக்கு விளங்கவில்லை.

நான் புதுப் பம்போடு வந்தபோது நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சமே இருந்தது. பம்ப் இருந்த இடத்தில் ஒட்டிக்கிடந்த பழைய கேஸ்கெட் அட்டையைப் பாய் சுரண்டிக்கொண்டிருந்தார். வண்டி ரெடியாக மத்தியானம் ஆகும். ரெடியான பிறகும் அதில் பானையும் அரிசியும்தான் ஏறப் போகின்றன, ஆட்கள் எல்லோரும் பஸ்ஸில்தான் – செல்வி உத்தரவே போட்டுவிட்டாள். மச்சானும் தலையாட்டிவிட்டார்.

"சாமி மலை மேலேருந்து பாக்காதா? இங்கியே குத்திரலாங்க," என்றார் ஆசாரி.

பாயின் மனைவி உள்ளே போய்ப் புதுக் கோரைப்பாய் கொண்டுவந்து கொட்டகைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் விரித்தார். மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றினோம். மச்சான் சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். யாழினியை மடியில் வாங்கியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆசாரி ஊசியை ஏற்றினார். யாழினி வீறிட்டாள் பாருங்கள்... ரோட்டில் போன பைக்குகள்கூட நின்று பார்த்தன. வழக்கம்போல அத்தைகளும் சித்திகளும் ஓடி வந்தார்கள் – ஒருத்தி கையில் சர்க்கரை, ஒருத்தி கையில் வாழைப்பழம். "அழுவாத கண்ணு, அழுவாத, ஆ காட்டு" என்று குழந்தையின் வாய்க்கு நேராக ஒரே சமயத்தில் எல்லாக் கைகளும் நீண்டன.

மச்சான் அத்தனை கைகளையும் ஒரே தட்டாகத் தட்டிவிட்டார்.

"அழுவட்டும் வுடுங்க. யாரும் அடைக்காதீங்க."