சோற்றுச் சட்டியோடு வெயிலைத் தேடி ஏறியவர்

என் வீட்டுக்காரர் அனந்தநாதன் திருவண்ணாமலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். கடையிலிருந்து கோயிலுக்குப் போவதற்கே ரிக்‌ஷா கூப்பிடுவார். அப்படிப்பட்டவர் ஜவ்வாது மலையை நடந்தே கடக்கப் போகிறேன் என்றால் நான் சிரிக்காமல் என்ன செய்வேன்?

எல்லாம் அவருடைய சிநேகிதர் பலராமன் செய்த வேலை. கீழ்பென்னாத்தூர்க்காரர். ரமணாசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒருவன் ஊருக்குப் போகும்போது முதுகில் மாட்டுகிற பெரிய பை ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதை என் வீட்டுக்காரர் வாங்கி மாட்டிப் பார்த்த அன்றே இவருக்கு ஆசை வந்துவிட்டது. போளூர்ப் பக்கம் ஏறி ஆலங்காயத்தில் இறங்கப் போவதாகக் கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிவிட்டார். எழுபத்தொன்பதாம் வருஷம், தை மாசம்.

நானும் வருவேன் என்றேன். வேண்டாம் என்றார்கள்.

"சோறு வடிக்கத் தெரியாத ரெண்டு பேரும் மலையில இன்னாத்த சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். எனக்கும் சேர்த்து மூட்டை கட்டினார்கள்.

நாங்கள் சமணர்கள்; ஊரில் எங்களை நைனார் என்பார்கள். பொழுது சாய்ந்தால் வாயில் ஒன்றும் வைக்க மாட்டோம். திருவண்ணாமலையில் மேற்கே மலை நிற்பதால் சூரியன் சீக்கிரமே அதற்குப் பின்னால் போய்விடும். மலை இல்லாத என் பிறந்த ஊரில் அந்த நேரத்துக்கு அப்புறமும் சாவகாசமாகச் சாப்பிடுவார்கள். இவர் ஒப்ப மாட்டார். கண்ணுக்குச் சூரியன் தெரிந்தால்தான் பொழுது இருக்கிறது என்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மலையோடு போட்டி போட்டுத்தான் நான் உலை வைத்தேன்.

வழி காட்ட மலைக்காரர் காசி வந்தார். முதல் வளைவிலேயே அந்தப் பெரிய பை பலராமன் முதுகுக்கு மாறிவிட்டது. ரெண்டு நாள் ஒருவழியாகப் போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் வந்த ஓடையை மாடுகள் இறங்கிக் கலக்கி வைத்திருந்தன. வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டிப் பார்த்தும் என் வீட்டுக்காரர் மனசு ஒப்பவில்லை. அந்தத் தண்ணீரில் சமைக்க வேண்டாம் என்றுவிட்டார். பட்டினியோடு நடந்தோம். காசி ஒரு பள்ளத்தில் நல்ல ஊற்றைக் காட்டியபோது சாயங்காலம். நான் அவசரமாகச் சோறு வடித்துப் பருப்பை இறக்குகிறேன், சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போய்விட்டது.

"போச்சு," என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா போச்சு நைனாரே? பளிச்சுனு வெளிச்சம் கீது. சாப்பிடுங்க," என்றார் பலராமன்.

"சூரியன் எங்க?"

"மலைக்கு அந்தாண்ட."

"அப்போ எனக்கு இல்ல."

"ராத்திரியும் பட்டினின்னா நாளைக்கு உச்சி ஏற மாட்டீங்க. காலையில திரும்பிப் போயிடலாம். கடைத்தெருவுல கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. காசி கிழக்குச் சரிவைக் காட்டி, "அந்தப் பாறை மேல இன்னும் வெயில் அடிக்குதுங்களே," என்றார்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சோற்றுச் சட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு இவர் ஏற ஆரம்பித்துவிட்டார். மூன்று நாளாக முழங்கால் முழங்கால் என்று முனகியவர். பருப்போடு பின்னால் ஓடிய எனக்கு மூச்சு வாங்கியது. மேலே போனால், சூரியன் தூரத்து மலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது.

இலை ஒன்றுதான் இருந்தது. நான் பரிமாறினேன்.

"நீயும் உக்காரு," என்றார்.

"நீங்க சாப்பிட்டு எழுந்திருங்க. உங்களுக்கு முன்னாடி நான் என்னிக்கு சாப்பிட்டேன்?"

"நான் எழுந்திருக்கறதுக்குள்ள அது போயிடும். அப்புறம் நீ பட்டினி."

"இருந்துட்டுப் போறேன்."

"அப்போ நானும் சாப்பிடல."

சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். சூரியன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து பலராமன், "இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தேன். ஒரே இலையில் ரெண்டு பேரும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டோம். அவர் பக்கத்துப் பருப்பை என் பக்கம் தள்ளினார்; நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

காலையில் உச்சிக்கு ஏறும்போது பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார்.

"நேத்து ஆடு மாதிரி ஏறினீங்களே நைனாரே, இன்னிக்கு இன்னா?" என்றார் பலராமன்.

"நேத்து சூரியன் ஓடிச்சு, நானும் ஓடினேன். இந்த உச்சி ஒரே எடத்துலதான நிக்குது? மெதுவா போவலாம்."

அப்படி மெதுவாகப் போய்த்தான் அதைத் தாண்டினோம்.