ஸ்பிட்ஃபயருக்குப் பொட்டு இல்லையாம்

இன்று நம் மாதிரி விமான மன்றப் போட்டியில், மூக்கில் பொட்டு இல்லை என்பதற்காக என் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு முதல் பரிசை மறுத்துவிட்டார்கள்.

பரிசு கோபாலுக்குப் போனது. ஜெயித்த விமானத்தை வைக்கும் சிராங்கூன் ரோட்டுக் கடைக் கண்ணாடியில் தீபாவளி வரை அவர் விமானம்தான் நிற்கும்.

அவர் அதைச் செய்தது என்னிடம் இரவல் வாங்கிய புத்தகத்தைப் பார்த்து. அதில் வண்ணப் படம் அட்டையில் மட்டும்தான். போன வருடச் சரஸ்வதி பூஜையன்று என் மனைவி அந்த அட்டைக்குச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். அது சரியாக விமானத்தின் மூக்கில் காய்ந்து ஒட்டிக்கொண்டது.

கோபால் அதையும் மஞ்சள் வட்டம், சிவப்புப் புள்ளி என்று அழகாகத் தீட்டியிருக்கிறார்.

நடுவர் தாமஸ், கோபால் காட்டிய அட்டையையும் என் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அண்ணே, படைப்பிரிவு அடையாளத்த விட்டுட்டீங்களே.”

“அது என் வீட்டுக்காரி வச்ச பொட்டு, தம்பி.”

“கோவிச்சுக்காதீங்க. புக்ல இருக்குலா.”

“உன் வீட்லயும் பூஜை உண்டுதானே?” என்று கோபாலைக் கேட்டேன்.

“புக்ல உள்ளத நான் எப்படிண்ணே மாத்துறது?” என்றார்.

யுத்தம் முடிந்த பிறகும், சில வருடங்களுக்கு முன்புவரை சிலேத்தார் விமானத் தளத்தின் மேலே அந்த விமானம் பறந்ததை அண்ணாந்து பார்த்தவன் நான்.

ஆகவே இதை மன்றத்துப் பலகையில் ஒட்டுகிறேன். தாமஸ் தீர்ப்பை மாற்ற வேண்டும். கோபால் கோப்பையையும் புத்தகத்தையும் தர வேண்டும். செயலாளர் கடைக் கண்ணாடியில் என் விமானத்தை வைக்க வேண்டும். அட்டையைச் சுரண்டிப் பார்த்தால்தான் நம்புவோம் என்பவர்கள், முதலில் என் மனைவியிடம் அனுமதி கேட்க வேண்டும். துணிந்தவர்கள் கீழே பெயர் எழுதவும்.