ஈரச் சுவரில் டிரில்

2005இல் மரக்காணத்தில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் உப்பு பூத்திருந்தது. அலமாரி மாட்ட வந்த என் மூத்த மகன், உப்புச் சுவரில் ஸ்க்ரூ நிற்காது என்று தண்ணீர் ஊற்றிக் கழுவினான். ஈரம் காய்வதற்குள், வெறுங்காலோடு நின்று, சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலே டிரில்லை ஓட்டினான்.

“காயட்டும்டா” என்றேன்.

“சும்மா இரும்மா. ஊர்ல நீ ஒருத்திதான் புள்ள பெத்தியா?”

நான் போய் மெயினை அணைத்துவிட்டேன்.

“பைத்தியமா உனக்கு? போடு” என்று கத்தியபடி சுவரிலிருந்து டிரில்லைப் பிடுங்கினான். பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே வயரின் தோல் கிழிந்து செம்புக் கம்பி தெரிந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

“இப்ப சந்தோஷமா?” என்று கேட்டுவிட்டு வெளியே போனான்.

அன்றிலிருந்து அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்னை வெறுப்பதற்கு அவன் உயிரோடு இருக்கிறான். எனக்கு அது போதும்.