கல்லுக்குள் இருந்த இறால்

மனைவி படுக்கையை விட்டு எழும்ப முடியாமற் போன பிறகு, அவளுடைய கட்டிலுக்கு நேரே ஒரு கடல்நீர் மீன்தொட்டி வைத்தேன். அரியாலையில் எங்கள் வீட்டு யன்னலால் பார்த்தால் பக்கத்து மதில் மட்டுந்தான் தெரியும். எதையாவது பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று நினைத்தேன். செம்மஞ்சள் மீன் இரண்டு, நீலக் குஞ்சுகள் மூன்று, சில நத்தைகள். தெரிந்த கடற்றொழிலாளி ஒருவர் பாசி படர்ந்த, துளைகள் நிறைந்த கல்லொன்றைக் கடலிலிருந்து எடுத்து வந்து தந்தார். அதையும் உள்ளே இறக்கினேன்.

ஒரு கிழமைக்குள் அவள் சொன்னாள்: “இஞ்சாருங்கோ, கல்லுக்குள்ளை ஏதோ தட்டுது.”

“அது மோட்டர்ச் சத்தம்.”

“மோட்டர் இல்லை. டக்கெண்டு கேக்குது. பிறகு நிக்குது.”

புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மருந்து அவளைக் குழப்புகிறது என்று முடிவு கட்டினேன். நத்தை ஓடுகள் நொறுங்கிக் கிடந்ததைக் கண்டபோதுகூட, கல் சரிந்திருக்கும் என்றேன். நீல மீன் ஒன்று காணாமற் போனது. செத்திருக்கும், மற்றவை தின்றிருக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

ஒரு மத்தியானம் சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டு நின்றபோது அவள் கத்தினாள். அவ்வளவு குரல் அவளிடம் மிஞ்சியிருந்தது எனக்குத் தெரியாது. ஓடிப்போனேன். செம்மஞ்சள் மீன் ஒன்றின் வால் கல்லின் துளைக்குள் இழுபட்டு மறைந்துகொண்டிருந்தது.

கல்லை வாளிக்கு மேலே தூக்கிப் பிடித்து, உள்ளே இருப்பது மூச்சடைத்து வெளியே வரட்டுமென்று துளைக்குள் சோடாவை ஊற்றினேன். விரல் நீளத்தில், பச்சையாய் ஒரு இறால் விழுந்தது. கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடித்து வைத்திருந்தது. காம்பில் நின்ற கண்கள் இரண்டும் தனித்தனியே திரும்பின. எடுக்கப் போன என் பெருவிரலில் அடித்தது, நகம் பிளந்துவிட்டது. ஆத்திரத்தில் கொதிதண்ணீரை ஊற்றிக் கொன்றேன்.

கொண்டுபோய் அவளுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வயித்துக்குள்ளை ஏதோ இருக்கெண்டும் முதல்லை நான்தான் சொன்னனான். வாயு எண்டு சொன்னனீங்கள்.”

கோபமாகச் சொல்லவில்லை. மாதக்கணக்காக அவளுக்கு ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவன் நான். “ஓம்,” என்றேன்.

“விரலைக் கட்டுங்கோ,” என்றாள்.

பிறகு அவள் இருந்த மூன்று கிழமையும், எது சொன்னாலும் எழும்பிப் போய்ப் பார்த்தேன். கூரைக்குள் எலி என்றாள். ஏணி வைத்து ஏறினேன். காலமாவதற்கு முதல்நாள் காலை, கேற்றடியில் ஆட்கள் வந்து நிற்பதாகச் சொன்னாள். போனேன். தெரு வெறிச்சென்று கிடந்தது. திரும்பி வந்து அவள் பக்கத்தில் இருந்தேன்.

“ஓம், நிண்டவை,” என்றேன். “இப்பதான் போகினம்.”