மூன்று முறை மன்னித்தவளிடம் வண்டி பழகியவர்கள்

பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், பாதி நேரம் வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பாள், மீதி நேரம் யார் வீட்டுக் கதையையாவது கேட்டுக்கொண்டிருப்பாள். கடலூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் 2005இல் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஐந்து வருஷம், அப்புறம் சிதம்பரத்தில். என் விஷயத்தில் கொஞ்சம் மாறிப்போய், பழக வந்தவர்கள் என் வீட்டுக் கதையைக் கேட்கும்படி ஆகிவிட்டது. காதலித்துக் கட்டிக்கொண்ட என் வீட்டுக்காரர் செந்தில் பண்ருட்டியில் ஒரு முந்திரி கம்பெனிக்கு சேல்ஸ் பார்த்தார். ஊர் ஊராகப் போவார். போன இடத்தில் மனசையும் விட்டுவிட்டு வருவார். உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்து, நீங்களும் திரும்பத் திரும்ப நம்பித் தொலைத்திருந்தால், நாம் ஒரே கூட்டம். இதெல்லாம் உங்களுக்காகத்தான்.

வீங்கின கண்

முதல் தடவை கண்டுபிடித்தது வேலைக்குச் சேர்ந்த வருஷமே. போனில் வந்த ஒரு மெசேஜ். "ஒரே ஒரு தடவதான் சுமதி, சத்தியமா"ன்னு காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் கலைச்செல்வி டீச்சருக்கு வகுப்பு. ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டார். தூசி என்றேன். இரண்டு ரவுண்டு போனதும் பின்சீட்டில் உட்கார்ந்தபடி நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கொட்டினதோடு விட்டேனா. வெயிலில் நின்று கறுத்துப்போய்விட்டேன், சாயங்காலம் அசதியில் சிரித்துப் பேசுவதில்லை, கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லை என்று என் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். டீச்சர் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு திரும்பினார். "மன்னிக்கிறதுன்னா மன்னிங்க. ஆனா அவரு பண்ண தப்புக்கு ஒங்ககிட்ட காரணம் தேடாதீங்க, அது இந்தப் பாடத்துலயே இல்ல."

தனியா ஓட்டின பாக்கியம்

மன்னித்தேன். இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் நெய்வேலிப் பக்கம் ஒரு பெண் என்று தெரிந்தது. மறுபடி அழுகை, மறுபடி சத்தியம், மறுபடி நான் தலையாட்டினேன். ஆனால் இந்தத் தடவை மனசு பழைய நிலைக்கு வரவே இல்லை. அவர் சட்டைப் பையைப் பார்ப்பேன், போனைப் பார்ப்பேன், எங்கே இருக்கிறார் என்று மணிக்கொரு தரம் கூப்பிடுவேன். நெய்வேலிக்குப் போவதானால் மூன்று தரம்.

அப்போது பழக வந்தவர் முதுநகரில் மீன் விற்கிற பாக்கியம். கூடையை வண்டியில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகவேண்டும் என்று ஆசை. பேலன்ஸ் மட்டும் வரவில்லை. பன்னிரண்டு நாளும் நான் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினேன். பதின்மூன்றாம் நாள் செந்தில் போனை எடுக்கவில்லை. கையை எப்போது எடுத்தேன் என்றே எனக்குத் தெரியாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் நிற்கிறேன், பாக்கியம் ஒரு முழுச் சுற்று தனியாகப் போய்விட்டு என் முன்னால் வந்து பிரேக் போடுகிறார். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! மன்னிப்புக் கேட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நீ அவரப் புடிச்சிக்கினு இருந்த, என்னை வுட்டுட்ட. நல்லதாப் போச்சி, நான் கத்துக்கினேன்."

அத்தை எல்.எல்.ஆர். போட்டது

என் மாமியார் திருவந்திபுரத்தில் தனியாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் சமாதானம் பேச மகனோடு பைக்கில் வந்து இறங்குவார். "ஆம்பளப் புள்ள, ஏதோ புத்தி கெட்டுப் போயிட்டான், நீதான் பொறுத்துக்கணும்"என்பார். எனக்கு அவர்மேல் கோபம் ஜாஸ்தி. 2009இல் ஒரு காலை நேரம் அவர் பஸ் பிடித்துத் தனியாக மைதானத்துக்கு வந்தார். முதல் நாள் கோயில் படிக்கட்டில் செந்திலை ஒரு பெண்ணோடு பார்த்திருக்கிறார். "கம்பெனில வேல செய்யிறவங்க" என்று மகன் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் கையில் இருந்த அர்ச்சனைத் தட்டை அத்தை பார்த்துவிட்டார். கம்பெனி ஆட்கள் ஒரே தட்டில் அர்ச்சனை செய்வதில்லை.

நான் அழவில்லை. மூன்றாவது தடவை அழுகை கொஞ்சம் லேட்டாகத்தான் வருகிறது. "இப்பயும் பொறுத்துக்கச் சொல்வீங்களா அத்தை"என்று கேட்டேன். அவர் மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்த பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்கும் வண்டி கற்றுக்கொடுக்கச் சொன்னார். அப்போது அவருக்கு ஐம்பத்தி நாலு வயது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவாரம் எல்.எல்.ஆர். போட்டுவிட்டு நிற்கிறார். முட்டியில் இரண்டு முறை சிராய்ப்பு, ஒரு முறை வேலியில் மோதல். எதற்கு அத்தை இந்த வயசில் இவ்வளவு பாடு என்று மருந்து போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அவன் வண்டில வந்து வந்து, அவனுக்காவே பேசிப் பழகிட்டேன். உனக்காகப் பேசணும்னா நான் தனியா வரணுமில்ல."

சங்கீதாவின் கேள்வி

அதற்குள் செந்தில் மூன்றாவது சத்தியமும் செய்திருந்தார், நான் மூன்றாவது தடவையும் தலையாட்டியிருந்தேன். அத்தையே வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. செந்தில் இல்லாமல் இருப்பது எப்படி என்று பயம், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பெயர் சங்கீதா, சிதம்பரத்தில் துணிக்கடையில் வேலை. சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு யாராவது ஸ்கூட்டர் பழக வருவார்களா என்று யோசிப்பதற்குள் அவள் முகத்திலேயே தெரிந்துவிட்டது. கோயிலில் அத்தை பார்த்த பெண். எனக்கும் தனக்கும் விவாகரத்து ஆகிவிட்டது என்று செந்தில் அவளிடம் சொல்லியிருக்கிறார். இப்போது பண்ருட்டியில் இன்னொருத்தி என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என்னைத் தேடி வந்துவிட்டாள்.

அறையலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அவளும் என்னைப் போல ஏமாந்தவள்தானே. வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "உங்ககிட்டயும் காலைப் புடிச்சி அழுவாராக்கா"என்று கேட்டாள். அழுவார் என்றேன். "மூக்க உறிஞ்சிட்டு, நீதான் கடைசின்னு சொல்வாரா"என்றாள். அதையும் சொல்வார் என்றேன். இரண்டு பேருக்கும் எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவள் அழுதாள். உன்னிடம் எத்தனை தடவை சொன்னார் என்று நான் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, எனக்கு வலிக்கும் என்றே தெரியாமல், பதில் சொன்னாள்.

"ரெண்டு தடவக்கா. மூணாவதுக்கு நான் நிக்கல."

லீவு லெட்டர்

இனி சேர்ந்து வாழ முடியாது என்று அன்று சாயங்காலமே செந்திலிடம் சொல்லிவிட்டேன். அவர் என் காலைப் பிடிக்கக் குனிந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். அதுதான் என் எட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் செய்த பெரிய சண்டை. அத்தை என் பக்கம் நின்று, "கையெழுத்துப் போட்டுக் குடுடா"என்று மகனிடம் சொன்னார்.

கோர்ட்டுக்குப் போக லீவு கேட்டபோது காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு நின்றேன். எங்கள் ஸ்கூலில் கார் பழக்குகிற நடராஜன் அண்ணன் எட்டிப் பார்த்தார். எல்லாம் அவருக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் வீங்கின முகத்தோடு வந்த நாட்களில் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர். "சொந்த வேலைன்னு எழுதும்மா. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன், நீ இங்க சேந்ததுலேர்ந்து உனக்குன்னு போட்ட முதல் லீவு இதான்."

அண்ணாமலை நகர்ப் பக்கம்

2010இல் சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன். அண்ணாமலை நகர்ப் பக்கம் சாலைகள் அகலம், காலையில் நெரிசல் இல்லை, வண்டி பழக்க வசதி. முதல் ஆறு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் எங்கே இருப்பார் என்று கை தானாகப் போனைத் தேடும். நம்பரை அழித்தேன், ஆனால் மனப்பாடமாக இருந்தது. நல்ல மனுஷன் என்று ஊரார் சொன்ன ஒருவர் கல்யாணம் பேச வந்தபோது, அவர் போனில் யாரோ கூப்பிட்டதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அத்தை மாதம் ஒரு முறை வருவார், பஸ்ஸில்தான். சிதம்பரம் ரோட்டில் லாரி ஜாஸ்தி என்று நான் அவரை ஸ்கூட்டரில் வர விடவில்லை.

2012இல் ஒரு நாள் செந்தில் வந்தார். கீழவீதியில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். இளைத்திருந்தார். மாறிவிட்டேன், மறுபடி சேர்ந்து இருக்கலாம் என்றார். நான் காபி குடித்தேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் போன் மேஜைமேல் கிடந்தது, இரண்டு முறை மின்னியது. யார் என்று பார்க்கத் தோன்றவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எட்டு மணிக்கு வகுப்பு என்று எழுந்தேன். செந்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, குழப்பம்தான்.

"இன்னா சுமதி, இந்தத் தடவ நீ என்னை ஒண்ணுமே கேக்கல."

ஏழு வருஷம் நான் வாங்கினதெல்லாம் வண்டி பழக்குவதற்கான ஃபீஸ். எனக்கு யோசனை சொன்னதற்கு அந்தப் பெண்களும் நடராஜன் அண்ணனும் இன்றுவரை எதுவும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்துவதாக இல்லை.