பாரிஸில் இரண்டு ராகுகாலம்

பாரிஸ் வழியாக வருகிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று அந்த எழுபதுகளில் யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூட ஒப்பித்திருப்பேன். இத்தனைக்கும் நான் பாரிஸைப் பார்த்ததே இல்லை. டொரொண்டோவில், ரெக்ஸ்டேல் அபார்ட்மெண்ட் ஒன்றில், நிறைமாத வயிற்றோடு படுத்துக் கிடந்தேன். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் தவறிப்போயிருந்தது. இந்த முறை அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்றே நம்பினேன். அம்மாவோ மெட்ராஸிலிருந்து தனியாக வர வேண்டும். பாரிஸில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி, ஊரின் மறுபக்கத்தில் இருக்கும் இன்னொன்றில் ஏற வேண்டும்.

மேல்மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அண்ணை சில காலம் பாரிஸில் இருந்தவர். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எதைக் கேக்க முதலும் 'போன்ஷூர்' எண்டு வணக்கம் சொல்லோணும் பிள்ளை. சொல்லாட்டி அவையள் திரும்பியும் பாக்க மாட்டினம். டாக்சிக்காரர் வந்து பெட்டியைத் தூக்குவினம், விட வேண்டாம். வாசல்லை நிக்கிற பஸ்ஸே மற்ற ஏர்போர்ட்டுக்குப் போகும். கடையிலை பைப் தண்ணி எண்டு கேட்டு வாங்கோணும், இல்லாட்டி போத்தில் தண்ணியைத் தந்து காசு எடுப்பினம். கக்கூசுக்குச் சில்லறை வேணும்."

எல்லாவற்றையும் அம்மாவுக்கு எழுதினேன். மனப்பாடம் செய்துவிட்டதாகப் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. யார் யாரோ வந்தார்கள். கடைசியில் விமானப் பணிப்பெண்களும் வந்துவிட்டார்கள். அம்மா வரவில்லை. அந்தப் பெயரில் பாரிஸில் யாரும் ஏறவில்லை என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"ஏங்க லண்டன் வழியா டிக்கெட் போடலை?" என்று அத்தனை பேர் நடுவில் கணவரிடம் கத்தினேன்.

"அதுல இடம் இல்லைன்னு உங்கிட்ட சொன்னேனே" என்றார். பாவம், மிசிசாகா வேலைக்கு அரைநாள் லீவு போட்டு வந்த மனுஷர்.

அண்ணையைத் திட்டினேன், அந்தப் பஸ்ஸைத் திட்டினேன், கடவுளையும் விடவில்லை. காரில் திரும்பும்போதே வலி கண்டது. இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இதுவும் போகப்போகிறது என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வலிக்கு வலி நடுவே நர்ஸிடம் நான் கேட்டதெல்லாம் என் அம்மா வந்துவிட்டாளா என்பதுதான்.

சனிக்கிழமை காலை பெண் பிறந்தது. அழுதது. நர்ஸ் நேரத்தைச் சொன்னாள். நல்ல ராகுகாலம்.

அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவதாகப் பாரிஸிலிருந்து செய்தி வந்து, சாயங்காலம் என் கணவர் அம்மாவை நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். தலை கலைந்து, பையை இறுக அணைத்தபடி நின்றாள்.

"எங்கேம்மா போய்த் தொலைஞ்சே?"

"எறங்கினப்போ என் வாட்ச்சுல நம்ம ஊர் நேரம் பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரைன்னா ராகுகாலம், எப்படிக் கெளம்புறது? உக்காந்துட்டேன். அது முடிஞ்சு, மணிக்கணக்காத் தேடிப் பிடிச்சுப் பெட்டியை எடுத்து வாசலுக்கு வந்தா, அந்த ஊர் கடிகாரத்துல பத்தரை. அதுவும் ராகுகாலம்தானே? அதையும் கழிச்சுட்டு, போன்ஷூர் சொல்லி பஸ் ஏறினேன். நான் போறதுக்குள்ள பிளேன் போயிடுச்சு."

"உனக்குப் பைத்தியமாம்மா?"

"நீ இந்த ஊருக்குக் கெளம்பினப்போ நான் நேரம் பாக்கலை. ஒண்ணு போச்சு. மறுபடியும் அந்தத் தப்பைப் பண்ணுவேனா?"

ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஓவென்று அழுதேன்.

அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் ஆணா பெண்ணா என்பதற்கு முன்னால் நேரத்தைத்தான் கேட்பார்கள். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், உள்ளங்காலைத் தடவினாள். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கணவரிடம் நீட்டினாள்.

"மாப்பிள்ளை, இதை இந்த ஊர் நேரத்துக்கு மாத்திக் குடுங்க."

குழந்தை பிறந்த நேரத்தை அம்மா அன்றைக்குக் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவே இல்லை.